எடுக்கும்போது தெரியாது

இன்று காலை திருவேற்காட்டில் பூக்கடை வாசலில் நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரில் என் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். "அண்ணா, அது என் வண்டி. உங்களுது அந்தாண்ட கீது பாரு" என்றாள் ஒரு பெண். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். என் மகன், என்னை யாரென்றே தெரியாதவன்போல் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

நீ இருந்திருந்தால், "மறுபடியுமாடா மாமே?" என்று தெருவே திரும்பும்படி சிரித்திருப்பாய். அந்த 'மறுபடியுமா'தான் காலையிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. டீயைக்கூட நின்றுகொண்டே குடித்தேன்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டவர்கள் நாம். நீ பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா ஆனாய். நான் பாடியில் லேத் முன்னால் நின்றேன். அப்போது ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, கம்பெனி ஷெட்டிலிருந்து வேறொருவர் பைக்கை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயலுக்கு வந்துவிட்டேன். அதே கறுப்பு, அதே மாடல். என் சாவி தேய்ந்துபோனது, எதில் நுழைத்தாலும் திரும்பும். மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போலீஸ்காரர் வந்தார். ஷெட்டில் அநாதையாக நின்ற என் வண்டியின் நம்பரே என் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவரை வாசலிலேயே நிற்கவைத்து, வண்டியை நானே தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

கேஸ் பதிவானால் வேலை போகும். மகளுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் அவள் அம்மா அழக்கூட மறந்து நின்றாள். விஷயம் கேட்டு ஓடிவந்த நீ, ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடிக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாய்.

"இன்னாடா, எடுக்கசொல்ல அது உன் வண்டி இல்லன்னு தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுடா."

"அது போதும். கை எடுத்தா மட்டும் திருட்டு ஆவாது. கூடவே மனசும் எடுக்கணும். ரெண்டும் சேந்தாதான் கேஸு."

உள்ளே நீ பேசியதை இன்றைக்கும் என் மச்சினனிடம் சொல்லிச் சிரிக்கிறேன். "சார், எந்தத் திருடனாவது தன் வண்டிய ஆர்சி புக்கோட அங்கயே வுட்டுட்டுப் போவானா? இவனுக்குக் கண்ணும் சரியில்ல, மண்டையும் சரியில்ல. பத்தாவதுல என் பேப்பர பாத்து எழுதி என் பேரையே எழுதினு வந்தவன் சார்." இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். முட்டாள் பட்டம் வாங்கி அவ்வளவு நிம்மதியடைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள மணி ஆறாயிடுச்சுங்க. ஸ்கூல் வாசல்ல என் பொண்ணு தனியா நின்னுகினு இருந்தா" என்றார். புகாரைத் திரும்பப் பெற்று, கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, மூச்சு வாங்க வாங்கப் பழைய கேஸ்களை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாய். "எத்தினி பேருக்கு எத்தினி பொய் எழுதிக் குடுத்துகீறேன். உன் மேட்டர்ல மட்டும்தான்டா ஒரு வார்த்த பொய் இல்ல. தைரியமா சொல்லிப்பேன்" என்றாய். நான் சாத்துக்குடியை உரித்தேன். உரித்ததையே மறுபடி உரித்தேன்.

நீ கேட்டது எடுக்கும்போது தெரியுமா என்பதை மட்டும்தான். அதற்கு அப்புறம் என்று நீ கேட்கவில்லை. என்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை. உன் கட்டிலருகே என் தொண்டைவரை வந்து நின்றது இதுதான்:

வர்ற வழியில, எஸ்டேட் சிக்னல்லயே தெரியும்டா. பிரேக்க தொட்டதும் நின்னுச்சு. என் வண்டி அப்பிடி நிக்காது. திரும்பிப் போயிருக்கலாம். நல்லா ஓடுதேன்னு ஆவடி வரைக்கும் ஒரு ரவுண்டு போனேன். காலையில குடுத்துக்கலாம்னு நெனச்சேன். தெனம் வாசல்ல வுடுற வண்டிய, அன்னிக்கு ஊட்டுக்குப் பின்னால தள்ளினு போய் நிறுத்தி, மேல சாக்கப் போட்டு மூடினேன்.