ஏழாவது குன்றின் கற்கள்

4-3-71
காலையிலேயே வெயில். தெருவெல்லாம் எலெக்ஷன் மைக். பஸ் தவறிவிட்டது, ஆபீசுக்கு லேட்.
வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், துவரம்பருப்பு, ஸ்டெல்லாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

காந்தமானி அறைக்குள் போகுமுன் ஹேர்பின், புடவை ஊக்கு, சாவி எல்லாம் வெளியே. இரும்பு ஆகாது. இன்று முதல் என் வீட்டுக்காரருடைய கற்கள். கடைசி டூரில் எடுத்து வந்தவை. வந்த இரண்டாம் வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலையைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் அவர் கையால் போட்ட வடக்கு அம்பு, பச்சைப் பெயிண்டில். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

5-3
ஆறு குன்றுகளின் கற்களை அளந்து முடித்தேன். எரிமலைக் குழம்பு ஆறியபோது எது வடக்கோ, அதைப் பாறை பிடித்து வைத்திருக்கும். அதிலிருந்து அந்தக் காலத்துத் துருவம் எங்கே என்று எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் சார் கணக்குப் போடுவார். துருவம் நகர்ந்ததா, நாடு நகர்ந்ததா என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் சண்டை. ஒரு குன்றின் கற்கள் எல்லாம் ஒரே பக்கம் காட்ட வேண்டும். ஆறும் காட்டின. பெருமையாக இருந்தது.

ஏழாவது காட்டவில்லை. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு திசை. மறுபடி அளந்தேன். அதேதான்.

டாக்டர் சார்: "பாறையில இருக்கும்போதே அம்பு போட்டிருந்தா இப்படி வராதும்மா. கீழ கிடந்ததைப் பொறுக்கியிருக்கார். ஒண்ணுல இப்படின்னா மத்ததை எப்படி நம்பறது? அந்த டூரையே தள்ளிடலாம்."

ஆக, அவர் ஏமாற்றுக்காரர்.

7-3, ஞாயிறு
சர்ச்சுக்குப் போகவில்லை. "எந்துக்கு ஏடுஸ்துன்னாவு அம்மா?" என்றாள் ஸ்டெல்லா, தெலுங்கில். ஏன் அழுகிறாயாம். வெங்காயம் என்றேன். வீட்டில் வெங்காயமே இல்லை.

8-3
ஜீப் டிரைவர் யூசுஃப் பாயை ஷெட்டில் பிடித்தேன். அவருடன் எல்லா டூருக்கும் போனவர். ஏழாவது குன்றின் கற்கள் கீழே கிடந்தவையா என்று கேட்டேன்.

"ஹவ்ம்மா, நெசம்தான். ஏழாவதுல சார் மேலே ஏறலே. நெஞ்சைப் புடிச்சிட்டு ஜீப்ல குந்திட்டாரு. ஆஸ்பத்திரி போலாம் சொன்னேன். நக்கோ, வேணாம் சொன்னாரு. ஆபீஸ்ல தெரிஞ்சா அன்ஃபிட் பண்ணிடுவாங்க, வீட்லயும் சொல்லாதே சொன்னாரு. கீழே கிடந்த கல்லு நான்தான் பொறுக்கிக் குடுத்தேன்."

மற்ற ஆறும்?

"அல்லா மேலே சத்தியம்மா. ஆறும் அவரே ஏறினாரு."

கோபம் கோபமாக வருகிறது. செத்தவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

9-3
டாக்டர் சாரிடம் எல்லாம் சொன்னேன். யூசுஃப் பாயும் கூட வந்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு இருக்கட்டும். ஏழாவது மட்டும் தள்ளிடும்மா. காரணத்தை நீயே ரிஜிஸ்டர்ல எழுதிடு."

எழுதினேன். உதிரிக் கற்கள், பாறையில் குறித்தவை அல்ல. அவர் பெயருக்கு எதிரே, என் கையெழுத்தில்.

வராந்தாவில் காதில் விழுந்தது: "செத்த புருஷன் மேலயே எழுதிக் குடுத்திருக்கா பாரு, தன் வேலை நிலைக்கணும்னு."

10-3
தண்ணீர் வரவில்லை. தலைவலி.

அந்த டூர் முடிந்து வந்த அன்று மாடிப்படியில் பாதியில் நின்றார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. கீழ்வீட்டுக்காரரோடு பேசுகிறார் என்று நினைத்தேன். மேலேயிருந்து கத்தினேன்: "அங்கேயே என்ன நிக்கிறீங்க, காபி ஆறுது."

"தோ வரேன்" என்றார். ஏறி வந்து முழுக் காபியையும் குடித்தார்.