செங்கரடு மிட்டாவும் அண்ணன் வைத்த ஃபிளக்ஸும்

12 ஜூன் 2024

இன்னைக்கும் அதே கேள்வி. ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர்: "மூணே வருசம் இருந்த மிட்டாவைப் பத்தி எட்டு வருசமா என்னத்த டீச்சர் எழுதுறீங்க?" நல்லாக் கேட்டாங்க. எனக்கே அடிக்கடி தோன்றுகிற கேள்விதான்.

செங்கரடு மிட்டா. பசலி 1215-இல் பிறந்து 1217-இல் செத்தது. இங்கிலீஷ் கணக்குக்கு 1805 முதல் 1808. அங்கே நெப்போலியன் நாடு நாடாகப் பிடித்துக்கொண்டிருக்க, இங்கே கம்பெனிக்காரன் வாடிப்பட்டிப் பக்கம் பதினோரு ஊரைச் சேர்த்து ஒரு துண்டு போட்டான். ஏலத்தில் எடுத்தவனுக்கு மிட்டாதார் என்று பேர். வரி வாங்க ஒரு கச்சேரி, நாலு கணக்கப்பிள்ளை. மூணு வெள்ளாமைக்கு மேல் தாங்கவில்லை, கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. அம்புட்டுத்தான் கதை. இதற்கு முந்நூறு பக்கத்தில் ஆய்வேடு வேணுமாம். பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிற கடைசிக் கெடு நவம்பர் 30.

கச்சேரியில் எழுதின அசல் தாள் எந்தக் காப்பகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்து ஒண்ணே ஒண்ணு இருக்கிறது. எங்க பிறந்த வீட்டில், மலையாண்டி அண்ணனோட இரும்புப் பெட்டியில்.

16 ஜூன்

ஊருக்குப் போனேன். அண்ணன் பெட்டியைத் திறக்க மாட்டேன்னுருச்சு. "பொம்பளப் பிள்ள பொறந்த வீட்டுப் பத்திரத்தக் கேட்டா ஊரு என்ன சொல்லும்? பங்கு கேட்டு வந்திருக்கான்னு சொல்லும்."

படிச்சுட்டு இங்கேயே வச்சுர்றேன்னேன்.

"படிக்க என்ன இருக்கு? நம்ம பாட்டன் மிட்டாதாரு. அதத்தான் எழுதியிருக்கும். நீயும் அதையே எழுது."

அண்ணனுக்கு அந்தக் கையெழுத்தில் ஒரு எழுத்து தெரியாது. புள்ளியும் இல்லாமல் இடைவெளியும் இல்லாமல் கோழி கிளறின மாதிரி இருக்கும். தெரியாததை இம்புட்டு உறுதியாச் சொல்ல எங்க வீட்டு ஆம்பளைகளால்தான் முடியும்.

தல்லாகுளம் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி ஒன்பது. மகள் மீனா வைத்த ரசத்தில் உப்பில்லை. கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

3 ஜூலை

எங்க ஸ்கூல் லேப் அசிஸ்டென்ட் மருது மூணு நாள் லீவு. அவர் தெருவில் ஒரு சாவு. மருதுவும் எங்க ஊர்தான், கீழத்தெரு. அவங்க மயானத்துக்குப் போகிற வண்டித்தடம் அண்ணன் வயலை ஒட்டிப் போகும். போன வருசம் அண்ணன் அதை உழுது தென்னங்கன்று வைத்து, கம்பி வேலி போட்டுவிட்டது. இப்போ பாடையை வாய்க்காலுக்குள் இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணி.

"எங்காத்தாளுக்கும் முடியல டீச்சர். 'என்னய நனைச்சுத் தூக்கிட்டுப் போயிராதீகடா'ன்னு தினம் சொல்லுது" என்றார் மருது. ஆத்தா பேர் முனியாயி. எங்க வயலில் நாற்று நட்ட மனுசி. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆர்.டி.ஓ.வுக்கு மனு போட்டிருக்கிறார்களாம். "சர்வேயில தடம் வரல, வேற ஆதாரம் கொண்டுவா"ன்னு பதில். அண்ணனிடம் கேட்டேன். "தடமே கெடையாது"ன்னுது. சின்ன வயசில் அந்தத் தடத்தில் சைக்கிள் பழகினது யாரு, நானா? அண்ணன்தானே!

19 ஆகஸ்ட்

மூன்றாம் அத்தியாயம். ஒரு வரிகூட நகரவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் பன்னிரண்டு அடிக்கு ஃபிளக்ஸ். ஒரு பக்கம் கூலிங் கிளாஸ் போட்ட அண்ணன், மறு பக்கம் பிள்ளை, மேலே "மிட்டாதார் வம்சமே வருக". நடுவில் — என் கண்ணை நம்ப முடியவில்லை — அந்தத் தாள்! எனக்குக் காட்ட மறுத்ததை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கி, ஊரே பார்க்கத் தெருவில் கட்டியிருக்கு இந்த மனுசன்.

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு வெயிலில் நின்று படித்தேன். எங்க பாட்டன் மிட்டாதார் இல்லை. "குடியானவன் பெரியமலையாண்டி"ன்னு இருக்கு. அவர் நிலத்துக்கு நாலு பக்க எல்லை சொல்லிக் கச்சேரி கொடுத்த எல்கைச் சீட்டு அது. நாலாவது வரி: வாய்க்காலுக்கு வடக்கு, கீழத்தெருவார் மயானத்துக்குப் போகிற வண்டித்தடத்துக்கு மேற்கு.

மூணு தரம் படித்தேன். சீனியம்மாள் மதினி வந்து, "ஏத்தா, ஃபிளக்ஸத் திங்கவா வந்த? பந்திக்கு வா" என்று இழுத்துப்போனாள்.

10 செப்டம்பர்

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அண்ணே, அந்தத் தாள்ல தடம் இருக்குண்ணே, நீயா வேலியை எடுத்துரு, மரியாதையாப் போயிரும்னு சொன்னேன்.

"ஒனக்குப் பங்கு வேணும்னா நேராக் கேளு. கீழத்தெருக்காரனுக்கு வக்காலத்து வாங்காத." போனை வச்சிருச்சு.

நான் என்னதான் செய்ய? சொல்லாம இருந்தா ஒரு கிழவி தண்ணிக்குள்ள போகணும். சொன்னா எனக்குப் பொறந்த வீடு இல்ல. மீனாவுக்குத் தாய்மாமன் இல்ல.

15 செப்டம்பர்

மருதுவிடம் சொல்லிவிட்டேன்.

24 செப்டம்பர்

ஆர்.டி.ஓ. விசாரணை. நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மருது ஃபிளக்ஸ் போட்டோவைக் கொடுத்தார். அதிகாரி அண்ணனிடம் கேட்டார்: "இது உங்க வீட்டுப் பத்திரமா?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தியது. "எங்க பாட்டன் மிட்டாதாரு சார். ஒரிஜினல் இந்தா இருக்கு." நான் போனில் சொன்னதை நம்பாமல் பெட்டியிலிருந்து எடுத்தே வந்திருக்கு, பெருமைக்கு! படிக்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். எல்கையை மட்டும் சத்தமாகப் படித்தேன். தடம் என்ற இடத்தில் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

"பத்திரம் பொய்யின்னு சொல்றீங்களா?" என்றார் அதிகாரி. பின்னால் எங்க பங்காளிகள் பத்துப் பேர். பொய்யென்றால் மிட்டாதாரும் போச்சு. அண்ணன் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "எங்க பாட்டன் எழுத்து பொய்யாகாது சார்" என்று வேலியை எடுக்கக் கையெழுத்துப் போட்டது.

குடியானவன் என்கிற வரியை நான் படிக்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அது தெரிஞ்சா கையெழுத்துப் போடுமா அண்ணன்?

பஸ் ஸ்டாண்டில் என்னைத் தாண்டிப் போச்சு.

29 நவம்பர்

ஆய்வேட்டைக் கொடுத்தாச்சு. மூன்றாம் அத்தியாயத்தில் அந்தத் தாள் முழுசும் இருக்கு, குடியானவன் உட்பட. வாங்கின கிளார்க், "இந்த மிட்டா இப்ப எந்த தாலுகா மேடம்?" என்றார். சாமி, என்னை விடுங்கடா.

2 டிசம்பர்

முனியாயி நேற்று இறந்தாள். போனேன். பொம்பளைகள் தட முனையோடு நின்றுவிட்டோம். பாடை தடத்தில் ஏறும்போது அண்ணன் அங்கே வந்து நின்று, ஓரமாக் கிடந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டு, வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்துப் போங்கப்பா. எங்க பாட்டன் மிட்டாதாரு ஒங்களுக்காக விட்ட தடம்" என்றது.

எனக்கு ரத்தம் கொதித்தது. சாவு வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முனியாயி நனையாமல் போனாள்.

அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.

19 டிசம்பர்

மருது வேலைக்கு வந்துவிட்டார். மொட்டைத் தலை. லேப் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "டீச்சர், நீங்க எழுதுனதுல அந்தத் தடம் வர்ற பக்கத்த எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடுக்க முடியுமா? இன்னும் கொஞ்ச நாள்ல அது அவுக பாட்டன் விட்டதாவே ஆயிரும்."

மத்தியானம் சாப்பிடாமல் கடைக்குப் போய் எடுத்து வந்தேன். கீழத்தெருவில் எத்தனை வீடு என்று கேட்டுக்கொண்டு, அத்தனை பிரதி.