அமாவாசைக்குப் பதில் ஞாயிறு

ஆடி 5, திங்கள்
காலையிலிருந்து தூறல். இருந்தவர்கள்: நான், மகன் பிரபு, மருமகள் கௌசல்யா, அவளோடு ரத்தப் பரிசோதனை லேபில் பயிற்சி எடுக்கும் அத்திப்பள்ளி ஷில்பா. நால்வர்தான்.

கௌசி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தை, வருசப் பயிற்சியில பதினோரு நாள் குறையுதாம். எங்க லேப் டாக்டரம்மா சான்று தரமாட்டேன்னுட்டாங்க."

சான்று இல்லாமல், லேப் வேலைக்காரர்களைப் பதியும் கவுன்சிலில் பதிவு இல்லை. பதிவு எண் இல்லாமல் புது ஆஸ்பத்திரி வேலை இல்லை. ஆடி முடியும்வரைதான் இடம் வைத்திருப்பார்களாம்.

பதினொன்றும் அமாவாசை. அன்று ரத்தம் எடுக்கக் கூடாது என்று அவளை நிறுத்தியது நான்.

பிரபு: "எங்க போச்சம்பள்ளி கம்பெனியில அமாவாசைக்கு லீவு கேட்டுப் பாரும்மா, கேட்லயே கார்டைப் புடுங்கிருவான்."

ஷில்பா: "ஏன் ஆன்ட்டி, அமாவாசைன்னா பேஷன்ட்டுக்கு ரத்தம் ஓடாதா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆடி 6, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது. பழைய டைரிகளைப் புரட்டினேன். அமாவாசையன்று கௌசி வேலையையும் ஷில்பா பார்ப்பாள். பதிலுக்கு ஷில்பாவின் ஞாயிறு டூட்டிக்கு கௌசி. அந்தப் பதினோரு ஞாயிறும் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் ஞாயிறு வருகைப் பதிவேட்டில் ஷில்பா பெயர்தானாம், கௌசியே சொன்னாள். இந்தப் பெண் ஷில்பாவின் கட்டத்திலேயே ஷில்பா பேரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்!

"லேபுக்குப் போனதும் மொதல்ல என்ன பண்ணுவே?"

"மெஷின் சரியாக் காட்டுதான்னு அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் ரத்தத்தை ஓட்டிப் பாத்து, தாள்ல எழுதுவேன் அத்தை."

"அதுல யாரு கையெழுத்து?"

"ஓட்டுனவங்கதான் போடணும். என்னுதுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுப்பில் பால் பொங்கியது.

ஆடி 8, வியாழன்
ஆடி அமாவாசை. விரதம். பயிற்சி முடிய இன்னும் இரண்டு நாள். முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு நானே அவளை அனுப்பினேன்.

"நெசமாவா அத்தை?"

"போம்மா. உன் பேர்லயே கையெழுத்துப் போடு."

ரத்தம் எடுக்காதே என்று எந்தச் சாமியும் என்னிடம் சொன்னதில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. பயமில்லை. டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதி அவள் கையிலேயே கொடுத்தேன். நகல்:

'டாக்டரம்மாவுக்கு வணக்கம். கௌசல்யாவை அமாவாசைகளில் வரவிடாதது நான், அவள் மாமியார். ஈடாக அவள் வேலை செய்த பதினோரு ஞாயிறுகளின் பட்டியல் இணைத்துள்ளேன். பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. அன்றன்றைய கன்ட்ரோல் தாளில் அவள் கையெழுத்து இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். ஷில்பாவும் நேரில் சொல்வாள். சான்று கிடைக்குமா, கிடைக்காதா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.'