பிளாட் பேனரில் சிரித்த அம்மாவுக்கு

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ, "செத்தவளப் போயி எப்டி கீறன்னு கேக்கறியே, அறிவு கீதாடி ஒனக்கு?" என்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் முகத்தை எடுத்து ஒருவன் வியாபாரம் பண்ணிவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம். கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்த உன் மகன் மேல் அதைவிடக் கோபம். இரண்டையும் உன்னைத் தவிர யாரிடம் கொட்டுவேன்?

உன் காரியம் முடிந்த கையோடு எல்லோரும் உன் போட்டோ கேட்டார்கள். சேரப்பணஞ்சேரி சித்தி கேட்டாள், மாமா கேட்டார், உன்னோடு நூறு நாள் வேலைக்கு வந்தவர்களும் கேட்டார்கள். என் போனில் கொஞ்சம் இருந்தது, தம்பி முரளியின் போனில் நிறைய. முதலில் குடும்ப குரூப்பில் போட்டோம். அங்கே போனதும் படம் தேய்ந்துவிட்டது. ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட எடுத்துப்போன மாமா திரும்பி வந்து, "இது இன்னா உங்க அம்மாவா, கோயில் பூசாரியா?" என்று கேட்டார். உன் மூக்குத்திகூடத் தெரியவில்லை அம்மா.

அதனால் எல்லாப் படங்களையும் இணையத்தில் ஒரே இடத்தில் ஏற்றி, வேண்டியவர்கள் முழு அளவில் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. எந்தத் தளத்தில் ஏற்றுவது என்பதில்தான் எனக்கும் முரளிக்கும் முட்டிக்கொண்டது.

ஷிஃப்ட் முடிந்து வந்து ஒவ்வொரு தளமாகப் பார்த்தேன். நாள் முழுக்கக் கம்பெனி லைனில் வரும் சர்க்யூட் போர்டில் கீறல் தேடுகிறவளுக்கு விதிமுறைகளைப் பொறுமையாகப் படிப்பது பெரிய வேலையா? ஒரு தளத்தில் படம் பார்க்கிற ஒவ்வொருவரும் தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டும். சித்திக்கு அது ஆகாது. இன்னொன்று இலவசம், ஆனால் படத்தைச் சுருக்கிவிடும். வேறொன்றில் நாம் அழைத்தவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும், படமும் அப்படியே இருக்கும், வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். நான் கட்டுகிறேன், இதில் வைப்போம் என்றேன்.

"இன்னாக்கா, போட்டோ வெக்கறதுக்குக் கூடவா வாடகை?" என்றான் முரளி. "இத்தப் பாரு. லிங்க் அனுப்புனா போதும். லாகின் கெடையாது, காசு கெடையாது, படம் ஃபுல் சைஸ்ல கீது."

"லிங்க் இல்லாதவனும் பாப்பானாடா?"

"பாத்தா பாத்துட்டுப் போறான். நம்ம அம்மாவ எவன் தேடிக்கினு வரப் போறான்?"

மாமா நடுவில் புகுந்தார். கொள்ளி வைத்தவன் அவன், படத்தையும் அவன் இஷ்டப்படியே வைக்கட்டும் என்று தீர்ப்பும் சொன்னார். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். அங்கே வராத தீர்ப்பு, போட்டோவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? நீ உயிரோடு இருந்திருந்தால் அப்போது எனக்காக வாய் திறந்திருப்பாயா, இல்லை ஆம்பளப் புள்ள ஆசைப்படுறான், விட்டுடுடி என்றிருப்பாயா? பதில் எனக்குத் தெரியும் என்பதால்தான் இன்னும் எரிகிறது.

முரளி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஏற்றினான். தேடுகிறவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் அடியில் மண்ணூர், கிராமம், பெண், சிரிப்பு என்று எழுதினான். இந்தப் படங்களை யார் பயன்படுத்தலாம் என்று அந்தத் தளம் கேட்டது. யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் முதலில் இருந்தது. அவன் படிக்கவில்லை. அமுக்கினான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். என் லைனில் வேலை செய்யும் சங்கரன்கோவில்காரி பரமேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மண்ணூர் திருப்பத்தில் அவள் என் தோளை உலுக்கினாள்.

"ஏட்டி, அங்க பாரு. ஒங்கம்மா மாதிரியே இருக்கே?"

மாதிரி இல்லை. நீயேதான். வீட்டு மனை விற்கும் பேனரில், ஒரு மாடி உயரத்துக்கு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். உன் பின்னால் இல்லாத தென்னந்தோப்பையும் இல்லாத நீல வானத்தையும் ஒட்டியிருந்தார்கள். உன் தலைக்கு மேலே, "நிம்மதி வசிக்கும் இடம்" என்று எழுதியிருந்தது. டிரைவரைக் கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பரமேஸ்வரியும் கூடவே இறங்கினாள்.

அது எந்த மனைப்பிரிவு என்று பார்த்தேன். நம் தெருவுக்குப் பின்னால் வாய்க்காலை மூட வந்தார்களே, அவர்களுடையதேதான். மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் செம்பரம்பாக்கம் பக்கம் போக வேண்டும், மூடினால் நம் அடுப்படிக்கு வரும் என்று நீ தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொக்லைன் முன்னால் போய் நின்றாய். அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அது போவதைப் பார்த்துக்கொண்டே இடுப்பில் கை வைத்துச் சிரித்தாய். அந்தப் படத்தை எடுத்தவள் நான். நீ போன பிறகு மண்ணைக் கொட்டி வாய்க்காலை மூடிவிட்டார்கள். மூடிய இடத்தை விற்க, அதன் வாசலிலேயே உன் சிரிப்பை மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவர்கள் ஆபீசுக்குப் போனேன். ஏசி போட்ட தகரக் கொட்டகை. உள்ளே பளபள ஷூ போட்ட ஒரு மேனேஜர்.

"மேடம், அது நெட்ல ஃப்ரீயா கெடைச்ச படம்," என்றான். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். "இங்க பாருங்க, வியாபாரத்துக்கும் எடுத்துக்கலாம்னு உங்க ஆளுங்களே போட்டு வெச்சிருக்காங்க. எங்க டிசைனர் மண்ணூர்னு தேடுனாரு, வந்துச்சு, எடுத்துக்கிட்டாரு."

"அவங்க செத்துட்டாங்க."

"அப்டியா? சாரி மேடம். ஆனா படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. கஸ்டமருங்களுக்குப் புடிச்சிருக்கு."

செருப்பைக் கழற்றியிருப்பேன் அம்மா. அந்த நேரம் உள்ளே வந்த அவர்களுடைய சூப்பர்வைசர் திரையில் உன்னைப் பார்த்துவிட்டு, "சார், அன்னைக்கு வண்டி முன்னாடி வந்து நின்னதே இந்தம்மாதான் சார்," என்றார். மேனேஜர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று என்னை அனுப்பிவிட்டான். ஒரு வாரம் ஆகியும் பேனர் அங்கேயே இருந்தது.

இதற்குள் முரளி அந்த ஆல்பத்தை முழுக்க அழித்துவிட்டான். ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது என்று தளத்தின் விதியில் இருக்கிறது. பெண்டாட்டியோடு என் வாசலில் வந்து நின்றான்.

"தெரியாம பண்ணிட்டேன்க்கா."

"நான் சொன்னனே, அதுவுமா தெரியாது? அம்மாவக் கொளுத்துனதோட நீ நிறுத்தியிருக்கணும்டா."

அவன் பெண்டாட்டி அழுதாள். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. நீயும் எனக்காக வருத்தப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை, மனை பார்க்கிறவர்களை வேனில் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரிந்து, பேனருக்கு அடியில் போய் நின்றோம். நம் தெரு தனம் அக்கா, அமலா அத்தை, பரமேஸ்வரி, நான். முதல் வேனிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையோடு இறங்கினார்கள். அவர்களிடம் போய்ப் பேனரைக் காட்டினேன்.

"இந்தம்மா பேரு கஸ்தூரி. நான் அவங்க பொண்ணு. இவங்க மனை வாங்கிட்டுச் சிரிக்கலங்க. இங்க மண்ணு கொட்ட வந்த வண்டியத் திருப்பி அனுப்பிட்டுச் சிரிச்சாங்க. நீங்க நிக்கற எடம் வாய்க்கா."

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "அப்போ மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்காது கண்ணு, ஓடும்," என்றாள் தனம் அக்கா. "நீ வூடு கட்டுனா, வூட்டுக்குள்ள பூந்து ஓடும்."

அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். அடுத்த வேனில் வந்தவர்கள் இறங்கவே இல்லை. மேனேஜர் ஓடி வந்து போலீசைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடு, அவங்களுக்கும் இதையே சொல்றேன் என்றேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சூப்பர்வைசர் ஏணியோடு வந்தார். அவரே ஏறிக் கயிற்றை அறுத்து உன்னைக் கீழே இறக்கினார்.

"மூஞ்சி மிதிபடாம மடிச்சிருக்கேம்மா," என்று என் கையில் கொடுத்தார். அந்தக் கும்பலில் ஒரு மனுஷன்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. அடுத்த வாரமே புதுப் பேனர் வந்தது. அதே தென்னந்தோப்பு, அதே வானம், வேறொரு பெண். எந்த ஊர்க்காரியோ, உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ, அவள் மகளுக்கு இது தெரியுமோ தெரியாதோ. நிம்மதி இப்போது அவள் தலைக்கு மேல் வசிக்கிறது. இறக்கிய பேனரை வீட்டில் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது? எரிக்க மனசில்லை, விரிக்கவும் மனசில்லை.

முரளி அழிப்பதற்கு முன்பே இறக்கி வைத்திருந்த படங்களை நான் முதலில் சொன்ன தளத்தில் ஏற்றிவிட்டேன். அழைத்தவர்கள் மட்டும் பார்க்கலாம். மாமா போனில் குதித்தார்.

"சொந்தக்காரனுக்கே பூட்டா?"

"ஆமா மாமா. உள்ள வரணும்னா கேட்டுட்டு வாங்க."

அவர் கேட்டார், திறந்தேன். சித்திக்குப் பரமேஸ்வரி நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். நீ கோழி துரத்துகிற படத்தைப் பார்த்து சித்தி சிரித்துவிட்டு அழுதாளாம். புயல் வரும் என்று டிவியில் சொல்கிறார்கள். தெருவில் எல்லோரும் சாமானைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டோம்.

நேற்று அந்தத் தளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. முரளி பார்க்க அனுமதி கேட்கிறான். கீழே ஏற்றுக்கொள், மறு என்று இரண்டு பொத்தான்கள். அவன் போன் மாற்றினபோது பழைய படங்கள் போய்விட்டன என்றும், அவனிடம் உன் படம் ஒன்றுகூட இல்லை என்றும் அவன் பெண்டாட்டி சித்தியிடம் சொன்னாளாம். இரண்டில் எதையும் நான் இன்னும் தொடவில்லை.

அவனும் உன்னைப் பார்க்கத்தான் கேட்கிறான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் வருஷத் திதிக்கு அவன் என் வாசற்படி ஏறுவதற்கு முன்னால் திறந்துவிடுவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அதுவரைக்கும் வெளியில் நிற்கட்டும் அம்மா. கொஞ்ச நாள் நிற்கட்டும்.

உன் வயிற்றில் முதலில் பிறந்தவள்,
கலா