கால் எட்டும் ஆழம்

மார்ச் 3, செவ்வாய்

டிக்கெட் கிழித்தேன். பதினான்கு வருஷம் நீச்சல் கற்றுக்கொடுத்த குளத்திலேயே இப்போது டிக்கெட் கிழிக்கிற வேலை. வீட்டுக்கு அனுப்பாமல் இதையாவது கொடுத்தார்களே என்கிறாள் தங்கை. உண்மைதான். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறதே! குளோரின் வாசனை, பிள்ளைகள் குதிக்கிற சத்தம். இலை போட்டுப் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி.

மார்ச் 8, ஞாயிறு

எழுதி வைத்தாலாவது மனசு ஆறுமா?

போன ஜூலையில் சிறுநீரகத்தில் கிருமி. ஆஸ்பத்திரியில் பத்து நாள், தினமும் ஊசி. காய்ச்சல் போனது. கட்டிலை விட்டு இறங்கியவள் தொம்மென்று விழுந்தேன். பலவீனம் என்று நினைத்தோம். எட்டு மாதமாகிவிட்டது, இன்னமும் நடந்தால் தெருவே குலுங்குகிறது. கடைப் பலகையைப் படிக்க நின்றாக வேண்டும்.

காது டாக்டர் சொன்னார்: "அந்த மருந்து ரொம்ப அபூர்வமா சிலருக்கு உள்காதைக் கெடுத்துடும்மா. உடம்பு தடுமாறாம இருக்கறது அதாலதான். உங்களுக்கு ரெண்டு பக்கமும் போயிடுச்சு. திரும்ப வராது. இப்ப கண்ணும் காலும்தான் உங்களை நிறுத்தி வச்சிருக்கு."

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீச்சல்?

"தண்ணிக்குள்ள போனா மேல எது, கீழ எதுன்னே தெரியாது. தனியா இறங்கவே கூடாது."

உயிரைக் காப்பாற்றிய ஊசி. அதைத் திட்டவும் வாய் வரவில்லை.

மார்ச் 19, வியாழன்

மழை. குடைக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

செய்யக் கூடாததைச் செய்தேன்.

குளம் திறக்க அரைமணி இருந்தது. யாருமில்லை. இறங்கி முங்கினேன். ஒரு நொடி — எல்லாம் பழையபடி. அந்த அமைதி. அம்மாடி, எத்தனை நாளாயிற்று! பழக்கத்தில் கண்ணை மூடினேன். அவ்வளவுதான். மேலே வருவதாக நினைத்துக் கையை வீசினேன். தலை தரையில் இடித்தது. மறுபடி வீசினேன் — சுவர். வாயெல்லாம் தண்ணீர். ஐந்தடிகூட இல்லை, எழுந்து நின்றால் போதும். எது நிற்பது என்றே தெரியலையே!

துடுப்புதான் இழுத்துப் போட்டான். என்னிடம் கற்று, இப்போது என் இடத்தில் சொல்லிக்கொடுக்கிறவன். கை நீளம் என்பதால் அந்தப் பெயர். "அக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா? நான் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா?" 

"வீட்ல சொல்லாதடா."

ஒரு துண்டை என் தோளில் போட்டுவிட்டு, கதவைத் திறக்கப் போனான்.

ஏப்ரல் 6, திங்கள்

சொல்லிவிட்டான்.

வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பேச்சும் தேய்த்துத் தேய்த்துத்தான் வரும். "அப்படி என்னதான் இருக்கு அந்தத் தண்ணில?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே கேட்டார், பதினேழு வருஷத்தில் முதல்முறையாக. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும் மனிதர். நீச்சல் டீச்சர் புருஷனுக்கு வாளிதான் சமுத்திரம் என்று கடையில் கிண்டல்.

"அங்க எனக்கு எடையே இல்லைங்க. யார் தயவும் வேண்டாம். யாருமே வேண்டாம்."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 29, புதன்

தினமும் லேட்டாக வருகிறார். கடையில் வேலை அதிகமாம். கண் சிவந்திருக்கிறது. கேட்டால் "தூசி" என்கிறார். என்மேல் இன்னும் வருத்தமோ?

மே 17, ஞாயிறு

என் வேலை இரண்டு மணியோடு முடிந்துவிடும். மாலை வகுப்புப் பதிவேட்டை நான் பார்ப்பதில்லை. இன்று எதற்கோ புரட்டினேன். தொடக்கநிலை, பன்னிரண்டு பேர். பதினோரு பேர் பத்து வயதுக்குள். பன்னிரண்டாவது ஆளுக்கு நாற்பத்தாறு. என் வீட்டுக்காரர்.

துடுப்பு தலையைச் சொறிந்தான். "சொல்லக் கூடாதுன்னுட்டாருக்கா. மிதக்கறதுக்கே மூணு வாரம் ஆச்சு. பசங்கல்லாம் கை தட்டுதுங்க."

வீட்டில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

நேற்று இரவு அவராகவே சொல்லிவிட்டார், குளத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று. இன்று காலை, திறப்பதற்கு முன். கரையில் துடுப்பு. தண்ணீரில் நாங்கள் இருவரும், கால் எட்டும் ஆழத்தில். கரைக் கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். 

"படு. நான் பிடிச்சிருக்கேன்."

மல்லாந்து படுத்தேன். முதுகுக்குக் கீழே அவர் உள்ளங்கை. கண்ணை மூடியதும் எல்லாம் கழன்று போயிற்று — சுவர், தரை, வானம். பயத்தில் அவர் தோளைக் கவ்வினேன். விட்டேன். அந்தக் கை இருக்கிற பக்கம் கீழே. அது மட்டும் தெரிந்தது.

முங்கவில்லை. முங்குகிற ஆசை போகவும் இல்லை, போகாது.

"போதுமா?" என்றார். குளிரில் அவருக்குப் பல் கிட்டித்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்ங்க."

அவர் கையை எடுக்கவில்லை.