கட்டியை மட்டும்

மார்ச் 9, திங்கள்
வெயில் இப்போதே சுள்ளென்று. காலையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டரம்மாவிடம். கண்டனூர் பெரிய வீட்டில் கதவு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இவரும் கூட வந்தார்.

கர்ப்பப்பையில் நார்க்கட்டி மூன்று. பெரியது மாதுளம்பழம் அளவாம். டாக்டர்கள் ஏன் எல்லாவற்றையும் பழமாகவே சொல்கிறார்கள்?

வழிகள்:
- ஊசி. கட்டி சுருங்கும், நிறுத்தினால் மறுபடி வளரும்.
- கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை.
- கட்டியை மட்டும் எடுப்பது. மதுரையில். ரத்தம் நிறையப் போகலாம், கட்டி திரும்ப வரவும் வரலாம்.
- கர்ப்பப்பையையே எடுப்பது. தொல்லை தீர்ந்தது.

யாருக்குத் தொல்லை? வயது முப்பத்தெட்டு, பிள்ளை இல்லை. கட்டியை மட்டும் என்றேன். உடம்பில் ரத்த அளவு ஏழுதான், பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம்; வியாழனே மதுரையில் சேரச் சொன்னார்.

மார்ச் 10, செவ்வாய்
அம்மன் கோவிலில் காப்புக் கட்டு. பிள்ளை வரம் கேட்டு எனக்கும் பால்குடம், அடுத்த செவ்வாய். தீட்டோடு கட்டக்கூடாது என்பதால் தள்ளிப்போடும் மாத்திரை, டாக்டரம்மாவிடம் சொல்லாமல். காப்புக் கட்டினால் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன்.

மாமியாருக்குக் கோபம். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டாத்தா. அவளும் பொம்பளதானே. அவுத்து வச்சுட்டு மதுரைக்குப் போ."

போக மாட்டேன். ஆத்தாளை விட்டால் எனக்கு யார்? ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது.

மார்ச் 13, வெள்ளி
மாத்திரையையும் மீறி வந்துவிட்டது. கையில் காப்பு, உடம்பில் தீட்டு. யாரிடம் சொல்ல? தலைவலி என்று பொய் சொல்லி சாமி அறைப் பக்கமே போகவில்லை. மாடிக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முருங்கைக்கீரை. பேரீச்சம்பழம். துவைத்த துணியை யாரும் பார்க்காமல் காயப்போட இந்த வீட்டில் இடமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, கர்ப்பப்பையை எடுத்துப் போட்டதிலிருந்து நிம்மதி என்கிறாள். ரெண்டு பெற்றவள், சொல்லலாம்.

பயமாக இருக்கிறது. ஆத்தா, செவ்வாய் வரைக்கும்.

மார்ச் 15, ஞாயிறு
கையில் ஊசி, எழுத்து கோணல். காலையில் அடுப்பில் பால் பொங்கியது ஞாபகம். அப்புறம் தரை. மாமியார் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அரிவாள்மனையை இழுத்து அவரே என் காப்பை அறுத்தார்.

"பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

கார் பிடித்து மதுரை. வழியெல்லாம் மாமியார் மடியில் என் தலை. இப்போது யாரோ கொடுத்த ரத்தம் ஏறுகிறது.

மார்ச் 16, திங்கள்
இங்கே ஏசி குளிர். போர்வை போதவில்லை.

மதுரை டாக்டரும் பெண்தான், நல்ல மாதிரி. கட்டியை மட்டும் எடுக்கத்தான் பார்ப்பாராம். ஆனால் போன வாரம் இருந்த தெம்பு இன்று இல்லை. ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையும் எடுத்தாக வேண்டும், எது மிஞ்சியது என்று கண் விழித்த பிறகுதான் தெரியும் என்றார். சம்மதமா என்று என்னைத்தான் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "எடுத்துருங்கம்மா. எனக்கு இவ இருந்தாப் போதும்."

கையெழுத்துப் போட்டேன். வேறொருத்தி என்றால் அந்த வார்த்தைக்கு உருகியிருப்பாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்ட பிள்ளை. ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம் இந்த மனுஷன்.