வளைபந்தை நம்பிய அணி

என் மார்னிக்கு,

நீயும் குழந்தையும் நலம்தானே? அங்கே பனி விட்டதா? இங்கே அரிசோனாவில் வெயில்தான், தோள்வலி இல்லை.

இரண்டு பேஸ்பால் அணிகள் கழற்றிவிட்ட என்னை, முப்பத்திரண்டு வயதில், இவர்கள் தங்கள் இளநிலை அணிக்கு ஏன் கூப்பிட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. பயிற்சியாளர் ஒலிவாரெஸ் என்னைவிடச் சின்னவர். "வேகப்பந்தை விடுங்க டுவேன். உங்க வளைபந்துலதான் சரக்கு இருக்கு. இத்தனை நாளா யாருமே சொல்லலையா?" என்றார்.

"என்னைத் தேத்தி வேற அணிக்குத் தள்ளிவிடப் பாக்கறீங்களா?" என்று நேராகவே கேட்டேன். சிரித்தார், இல்லை என்று சொல்லவில்லை.

நேற்றைய பயிற்சி ஆட்டத்தில், கடைசி நொடியில் வளைந்து கீழே இறங்கும் அந்த வளைபந்தாகவே போட்டேன். எதிரே வந்த மூவரும் காற்றில் மட்டையை வீசிவிட்டுத் திரும்பினார்கள். ஆட்டம் முடிந்ததும் வேறு அணியின் ஆள் ஒருவர் ஒலிவாரெஸோடு கிசுகிசுப்பதைப் பார்த்தேன். நேரே போய், "எந்த ஊருக்கு மூட்டை கட்டணும்?" என்றேன்.

"கேட்டாங்க. தரமுடியாதுன்னுட்டேன். வெள்ளிக்கிழமை நம்ம பெரிய அணிக்கு ஆடறீங்க, போய்த் தூங்குங்கய்யா!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீயும் இங்கே வர அவசரப்பட்டு வீட்டைக் காலி செய்யாதே. நம் பழைய போர்வையைத் துவைக்காமல், வீட்டு வாசனையோடு அப்படியே அனுப்பு. அணியின் பேருந்து கிளம்புகிறது. எதற்கும் வெள்ளிக்கிழமை தொலைக்காட்சியைப் போட்டு வை. நான் வந்தால் குழந்தைக்குக் காட்டு.

உன் டுவேன்